பசிக்குதாம்

காலையில் கண் திறந்ததும் சொல்கிறான்:
பசிக்குதாம்.
யாருக்குடா?
எனக்காம்.

மூணே முக்கால் வயசு.
முட்டி சிராய்த்து ரத்தம் கோடாய் இறங்குகிறது,
வலிக்குதாம் என்கிறான் அழுதுகொண்டே,
தெருமுனையில் யாரோ பேசிக்கொண்டதைக்
கேட்டு வந்து சொல்பவன் போல.

குழாயடியில் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், முதல் மாதம்.
அப்புறம் ராத்திரியில் எண்ண ஆரம்பித்தேன்:
தூக்கம் வருதாம்.
ஃபேன் சத்தம் போடுதாம்.
அம்மா, உன்னை ரொம்பப் பிடிக்குமாம்.

அந்தக் கடைசி ஒன்றுக்காகத்தான்
ஸ்டான்லிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ.
கன்டெய்னர் லாரிகளின் பின்னால் முக்கால் மணி நேரம்.
லெவின் தலையை வெளியே நீட்டிப் பார்த்து
லாரி போவாதாம் என்றான்.
டிரைவர் பதறித் திரும்பினார்:
இன்னாது, யார் சொன்னா?

ஓ.பி. வரிசையில் எங்களுக்கு முன்னால்
கொருக்குப்பேட்டைக்காரி ஒருத்தி.
அவள் மகள் எதைச் சொன்னாலும்
கடைசி வார்த்தையை மட்டும் மறுபடி
உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்,
கடைக்காரர் கொடுத்த சில்லறை சரியா என்பது மாதிரி.
பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு
வருவதெல்லாம் யயில், போவதெல்லாம் யயில்.
புளியந்தோப்பு பர்வீனின் மகனுக்கு
'நீ' என்றால் அவன்தான்.
நீ தண்ணி குடிக்கணும் என்கிறான்,
பர்வீன் தன் வாயில் ஊற்றிக்கொள்வதில்லை,
பாட்டிலை அவனிடம் நீட்டுகிறாள்.
நாங்கள் நாலு பேரும்
அடுத்தவள் பிள்ளையைக் கேட்டு
'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று சொல்லிக்கொண்டோம்.
அவரவர் பிள்ளைக்கு மட்டும்
அதைச் சொல்ல வாய் வரவில்லை.

டாக்டருக்குச் சளி. சின்னப் பெண்.
படத்தைக் காட்டினாள்: இது என்ன?
யானையாம்.
யாரு கண்ணா சொன்னது?
விரல் என்னைக் காட்டியது.

வீட்டில் யார் யார்?
நானும் இவனும். அவர் லாஞ்சில்.
போனால் பதினைந்து நாள், சில நேரம் இருபது.
ஓனர் வீட்டு வயர்லெஸ்ஸில் சேதி வரும்,
நான் கேட்டு வந்து இவனிடம் சொல்வேன்.
எப்படிச் சொல்வீங்க, சொல்லிக் காட்டுங்க.
சொன்னேன்:
நைனா ஆந்திராப் பக்கம் கீறாராம்.
வலை நல்லா விழுந்துச்சாம்.
காத்து ஜாஸ்தியாம், வர லேட்டாவுமாம்.
உனக்கு முத்தமாம்.

அதற்கு மேல் எனக்கு வரவில்லை.
டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
காது நல்லாக் கேக்குது, என்றாள்.
ரொம்ப நல்லாவே கேக்குது.
பேச்சு தானாச் சரியாயிடும்.
அஞ்சு வயசுக்கு மேலயும் இருந்தா வாங்க.
சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.
மருந்து வாங்கும் ஜன்னலைத் தாண்டி
வெறுங்கையோடு நடந்தது
என்னவோ போல இருந்தது.

அன்று சாயங்காலம் வயர்லெஸ்ஸில்
இரைச்சலுக்கு நடுவே அவர் கேட்டார்:
டாக்டர் இன்னா சொன்னாங்க?
ஒண்ணும் இல்லையாம், என்றேன்.
இடுப்பிலிருந்தவன்
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் பாதியில் தடைக்காலம்.
படகெல்லாம் ஒன்றோடொன்று உரசி நிற்கிறது.
அவர் வீட்டுக்கு வந்து
முதல் மூன்று நாள் தூங்குவதே வேலை.
லெவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து
மீசையைத் தொட்டான். மூக்கைத் தொட்டான்.
குறட்டை நின்று மறுபடி தொடங்கும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.
நைனா தூங்குது.

அடுப்பைச் சிறிசாக்கிவிட்டு ஓடி வந்தேன்.
இன்னாடா சொன்ன? இன்னொரு தபா சொல்லு.

நிமிர்ந்து பார்த்தான்.
சமையல்கட்டில் இருந்தவள்,
பாவம், எதையும் பார்க்காதவள்.
எனக்காக மெதுவாகச் சொன்னான்:
தூங்குதாம்.