கொடுக்கப்பட்டவை

மிர்த்தா ஒலிவேராவுக்குப் பித்தப்பையில் கல்.
அதனால் இந்த வாரம்
தத்துவ வகுப்பு என் தலையில்.
நான் வடிவியல்காரன்.
முக்கோணத்தின் மூன்று கோணங்களும்
இதுவரை என்னை ஏமாற்றியதில்லை.

பைசாண்டு. ஜூலைக் குளிர்.
உருகுவே ஆற்றிலிருந்து ஏறிவந்த பனிமூட்டம்
எதிர்க்கரை அர்ஜென்டினாவை
ஈரத்துணியால் துடைத்துவிட்டிருந்தது.
இருபத்தாறு பேர்
மேசைகளை ஒதுக்கி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.
என் நாற்காலியை நடுவில் போடப் போனேன்.
"மையத்தில் யாரும் உட்காரக் கூடாது, சார்.
பரிதியில்தான்."
என் பாடத்தை வைத்தே என்னைத் திருத்தினார்கள்.

அவள் விட்டுப்போன தாளில்
பச்சை மையில் ஒரு கேள்வி:
ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு செயலா?
அடியில், எனக்கு மட்டும்:
விடை சொல்லிவிடாதே ஒராசியோ.
சொல்லத் துடிப்பாய்.
மாத்தே குழலை வாயிலேயே வைத்திரு.

வைத்திருந்தேன்.

ஆற்றில் ஒருவனை மூழ்கவிட்டார்கள் முதலில்.
கரையில் நிற்பவனுக்கு நீச்சல் தெரியாது.
அப்புறம், தெரியும்.
அப்புறம், தெரியும் ஆனால் புது ஷூ.
சிரித்தார்கள்.
ஷூவின் விலை என்ன என்று ஒருத்தி கேட்டாள்,
சிரிக்காமல்.
"கூச்சலாவது போடலாமே" என்றான் யமாந்து.
இறைச்சி ஆலைக்காரரின் மகள் லுர்தெஸ் சொன்னாள்:
"எங்கள் அப்பா நிற்கும் இடத்தில்
பெல்ட் ஓடுவதற்கு ஒரு பொத்தான்,
நிற்பதற்கும் ஒரு பொத்தான்.
நிறுத்துவதற்கும் விரல் வேண்டும்."

தேநீரை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.
பெண்ணே, இதை ஏன்
என் வகுப்பில் ஒருநாளும் நீ பேசவில்லை?
(நான் ஏன் கேட்கவில்லை
என்பது இப்போது உறைக்கிறது.)

அனாயி அதுவரை நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.
"ஆறு வேண்டாம்.
போன வியாழக்கிழமைத் தேர்வை எடுத்துக்கொள்வோம்.
மூன்றாம் வரிசையில் ஒருவர்
பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதினார்.
சார் பார்த்தார்.
சார் பார்த்ததை நான் பார்த்தேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்."

வட்டத்தில் ஒரு காது சிவந்தது.

குழலை எடுத்தேன்.
சில வீடுகளில் கஷ்டம் இருக்கிறது, என்றேன்.
ஒரு மதிப்பெண் ஒரு பிள்ளையைப்
பள்ளிக்கு வெளியே தள்ளிவிடும், என்றேன்.
இரக்கம் என்ற சொல்லையும்
சொன்னேன் என்று நினைக்கிறேன்.
குரல் நன்றாக இருந்தது.
கிட்டத்தட்ட நானே நம்பினேன்.

"நான் பார்த்து எழுதவில்லை" என்றாள்.
"பன்னிரண்டுக்கு ஐந்து.
என் வீடு எப்படி என்று தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

மூக்கொழுகும் பொடியன் ஒருவன், நிக்கானோர்,
குற்றம்சாட்டாமல், வெறும் ஆர்வத்தில்:
"அந்த இரக்கம் அந்த நிமிஷமே இருந்ததா சார்,
இல்லை இப்போதுதான் வந்ததா?"

கொடுக்கப்பட்டது: மணியடிக்க நான்கு நிமிடம்.
கொடுக்கப்பட்டது: பிடித்தால் நிரப்ப வேண்டிய
மூன்று படிவங்கள், ஒன்று நீலம்.
கொடுக்கப்பட்டது: நாலு பத்து பஸ்.
நிறுவுக: நான் நல்லவன்.

முப்பது வருடமாகப் பிறருக்குச் சொல்லிவருகிறேன்,
முடிவை முதலில் எழுதிவிட்டுப்
படிகளைப் பின்னால் செருகாதீர்கள் என்று.

"சோம்பல்" என்றேன்.
"சோம்பல்தான்.
இரக்கத்தை இப்போதுதான் எடுத்துப் போர்த்தினேன்."

யாரும் மன்னிக்கவில்லை.
திட்டவுமில்லை.
எரிவாயு அடுப்பு ஒருமுறை இருமியது.
அனாயி என்னைப் பார்க்கவே இல்லை,
யாரும் உட்காராத நடுவிடத்தைப் பார்த்துக் கேட்டாள்:
"ஆறு நாளாக நானும் சொல்லவில்லை.
பயமில்லை, சோம்பலுமில்லை.
ஒருநாள் பயன்படும் என்று
எடுத்து வைத்திருந்தேன்.
அதற்கு என்ன பெயர்?"

என்னிடம் பெயர் இல்லை.
தாளிலும் இல்லை.

மணி அடித்தது.
பாதிப் பேருக்குப் பசி, எழுந்துவிட்டார்கள்.
நாற்காலிகள் தரையைக் கீறும் இரைச்சலுக்குள்
யமாந்துவின் கை உயர்ந்தது,
முழுசாக அல்ல, தோள் வரைக்கும்.

ஜன்னலில் பனி விலகி
மறுகரை லேசாகத் தெரிந்திருக்கும்.
நான் பார்க்கவில்லை.
அவன் ஏதோ சொன்னான்,
முதல் வாக்கியம் காதில் விழவில்லை.

திரும்பச் சொல், என்றேன்.
பஸ் போகட்டும்.