ஏழாவது கட்டம்

ஞாயிறு பகல். கோலக்கெட்டில் பெரிய தெருவில்
என் கடை மட்டும்தான் திறந்திருக்கிறது.
ஒரு தாளுக்குப் பத்து சென்.
மெட்ரிகுலேசி முடிவு பார்த்துச் சொல்லக்
காசு வாங்குவதில்லை.
அழுகிற பிள்ளையிடம் எப்படி மீதிச் சில்லறை எண்ணுவது?

ரத்தினவேலு அண்ணன் மகளோடு வந்தார்.
அடையாள அட்டை எண்ணைத் தட்டினேன்.
'டுக்காசித்தா' என்று தொடங்கியது திரை.
அதற்குமேல் யாரும் படிப்பதில்லை.
ஒன்பது ஏ.
யஷ்வினா ஒன்பதையும் விரல்விட்டு எண்ணினாள்,
எங்கோ ஒன்று குறைந்துவிட்டதுபோல.

"தொண்ணூறு அவங்களுக்கு.
மிச்சப் பத்துல சீனவன், நாம, மத்தவன்.
காட்டை வெட்டி ரப்பர் நட்டவன் எவன்?
என் தாத்தன் முதுகைப் பாத்தா கோட்டா போட்டான்?"
கேள்வி நியாயமானது.
ஒய்.பி.க்கு மனு எழுதச் சொன்னார்.
'உரிமை' மூன்று இடத்தில் வரவேண்டும் என்றார்.
நான் நாலு இடத்தில் போட்டேன்.

காத்திருந்த நேரம் அவர் கைப்பேசிக்குள்
தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்:
இட ஒதுக்கீடு தகுதியைக் கொன்றுவிட்டதாம்.
அண்ணன் தலையாட்டினார்.
"அங்க பாரு, கோட்டாவுலயே டாக்டர் ஆயிடறானுங்க."
மனு இன்னும் சூடாகத்தான் இருந்தது
இயந்திரத்தின் வாயில்.

அடுத்த வேலையும் அவருடையதே.
சங்கத்தின் கல்வி நிதிப் பாரம், அறுபது பிரதி.
பெயர், தோட்டம், பள்ளி, தேர்ச்சி,
அப்பா வேலை, சம்பளம்.
ஏழாவது கட்டம்: பிரிவு.
எட்டாவது வங்கிக் கணக்கு.
பிரிவு என்றால் போதும்.
லயத்தில் எந்த வரிசை என்று எல்லோருக்கும் தெரியும்.
லயத்தை இடித்துப் பதினாறு வருடம்.
அந்த இடத்தில் செம்பனை நட்டு, அதுவும் காய்த்துவிட்டது.
வரிசை மட்டும் எங்களோடு லாரி ஏறித்
தாமானுக்குக் குடிவந்துவிட்டது.
திருவிழா பத்து நாள், பத்து உபயம்;
சிலருக்குப் பந்தல்கால் நடும் நாள் மட்டும்.

போன வருடம் அமராவதி வந்தாள்,
பாலிங் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள்.
மகன் பத்து ஏ.
ஆறு கட்டத்தையும் முத்துமுத்தாக எழுதினாள்.
ஏழில் பேனா நின்றது.
"இதுல என்ன போடறது, அக்கா?"
அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.
பையன் இப்போது சுங்கைப்பட்டாணியில்
கையுறை ஆலையில் இரவு ஷிப்ட்.

நான் யோக்கியம் பேச வரவில்லை.
என் எஸ்.டி.பி.எம். டியூஷன் காசு சங்கம் கட்டியது.
அன்றைக்கு ஏழாவது கட்டத்தில்
என் பேனா நிற்கவே இல்லை.

இன்று பிரதி எடுக்கப் போனவள்
கோப்பைத் திறந்து அந்தக் கட்டத்தை அழித்தேன்.
எட்டாவது மேலே நகர்ந்து உட்கார்ந்தது,
ஒன்றும் நடக்காததுபோல.

அண்ணன் எண்ணினார். அறுபது சரி.
பிறகு ஒன்றை எடுத்து மேலிருந்து கீழே படித்தார்.
"ஒன்னு விட்டுப்போச்சே, தங்கச்சி."
"மெஷின் கோளாறு" என்றேன்.
அவ்வளவுதான் என் புரட்சி.

அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர்,
என் அப்பா சாவுக்கு வேன் கொடுத்தவர்.
"ரூலர் இருக்கா?" என்றார்.
கொடுத்தேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு
ஒவ்வொரு தாளிலும்
வங்கிக் கணக்குக்கு மேலே இருந்த சந்தில்
சின்னதாக ஒரு கட்டம் வரைந்தார்.
யஷ்வினா தாள் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.
டுக்காசித்தா அவள் மடியில் கிடந்தது.
நாற்பத்திரண்டாவதில் பிடி தளர்ந்து
கோடு கோணலாகப் போனது.
"பாத்துப் புடிம்மா."

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் குனிந்து கணக்கு எழுதினேன்:
அறுபது தாள், ஆறு வெள்ளி.
மனு, இரண்டு வெள்ளி.
ரூலருக்கு ஒன்றும் போடவில்லை.