பாசி காய்ச்சுகிறவள்

சித்திரை. வெண்ணாற்றில் மணல்தான் ஓடுகிறது.
திருவாரூர் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
அகார் கொதிக்கிறது. நோன்பு வாயோடு
பக்கத்தில் நிற்கிறேன்.

கடைமடையில் ஒரு குழாய் உடைந்து
சாக்கடை கலந்துவிட்டது.
பதினோரு பிள்ளைகளின் பேதி
பஞ்சுக் குச்சிகளில் வந்து காத்திருக்கிறது.
பச்சைத் தட்டில் தேய்த்து வைப்பேன்.
விடிந்ததும் மஞ்சள் பொட்டு முளைத்திருந்தால்
தாலுக்கா முழுக்க வண்டி ஓட வேண்டும்.

தட்டு கழுவ வந்த தையல்நாயகி கேட்டாள்:
"சுலைகாக்கா, இது நீங்க நோம்பு திறக்கிற
கடல்பாசிதானே? அதே வாடை."

அதேதான்.

சிங்கப்பூர்ப் பெட்டியில் மச்சான் கொண்டுவந்தது
நரைமுடிக் கட்டு மாதிரி
கூத்தாநல்லூரில் என் அடுப்படியில் கிடக்கிறது.
அதற்குத் தேங்காய்ப்பால், ரோஸ் எசன்ஸ்.
இதற்கு உப்பு, பித்தம், சாயம்.
சீனி இரண்டுக்கும் உண்டு.

முதலில் பசித்தது யாருக்கு, தெரியாது.
தென்னமெரிக்காவின் அடிப்பக்கம்
பதினாலாயிரம் வருஷத்துப் பழைய அடுப்பருகே
மென்று துப்பிய சக்கை கிடைத்ததாம்.
கடல் அங்கே கூப்பிடு தூரத்தில்கூட இல்லை.
மெக்சிக்கோ ஏரியில் பச்சை நுரையை வலையால் அள்ளி
வரட்டி தட்டிச் சந்தையில் விற்றிருக்கிறார்கள்.
சாடு ஏரிக்கரைப் பெண்கள் இன்றைக்கும்
மணலில் ஊற்றிக் காயவைத்துக் குழம்பில் கரைக்கிறார்கள்.
ஜப்பானில் பாசியால் வரி கட்டினார்களாம்.
நெல்லால் கட்டிய சீமைக்காரி நான்,
படித்துவிட்டுச் சிரித்தேன்.
எந்த மரக்காலால் அளந்திருப்பார்கள்?

நம் பக்கம் பாசி என்றால் வழுக்கும்.
படித்துறையில் இடுப்பை ஒடிக்கும், மதகை அடைக்கும்.
கழுத்தில் கோத்தால் மணி,
சட்டியில் வெந்தால் பயறு.
தின்கிற பாசியைச் சொல்ல மட்டும்
முன்னால் ஒரு கடலைச் சேர்த்துக்கொள்கிறோம்.

கிருமி வளர்க்கப் பழகிய காலத்தில்
ஜெர்மனியில் ஒரு டாக்டரின் தட்டுகள்
கோடையில் இளகி வழிந்தனவாம்.
எலும்புப் பசை. கிருமியே அதைத் தின்றும்விடும்.
மனைவி சொன்னாள், என் ஜெல்லி இளகாதே,
பாசியைப் போட்டுப் பாருங்களேன்.
யாவாவில் இருந்து வந்த அண்டை வீட்டுக்காரி
அவளுக்குச் சொன்னது.
அந்த அண்டை வீட்டுக்காரிக்கு
யாவாவில் சொன்னவள் பெயர்
என் பாடப்புத்தகத்தில் இல்லை.

மாலை, பாங்கு சொல்லும்போது
வாயில் போட்ட துண்டு நின்றது, கரையவில்லை.
கிருமி தின்னாததை என் குடலும் கரைக்காது.
ஆனாலும் பகல் முழுக்கக் காய்ந்த தொண்டை
அதைத்தான் கேட்கிறது.

மறுநாள் ஒரு டப்பாவில் கொண்டுபோனேன்.
மேலே தின்னக்கூடாது என்று
தையல்நாயகி மாடிப்படியில் உட்கார்ந்து தின்றாள்.
"பாசிக்குன்னு ஒரு ருசியும் இல்லக்கா,
நீங்க போட்டதுதான் ருசி."

மேலே போய்ப் பெட்டியைத் திறந்தேன்.
பத்துத் தட்டில் பச்சை.
ஒன்பதாம் நம்பரில்
கடுகளவு, வரிசையாக, மஞ்சள்.

கையைக் கழுவிவிட்டு
போனை எடுத்தேன்.