ஐந்தாம் நாள் சீரம்

இரவு இரண்டே காலுக்கு வந்த குழாயில்
‘சுத்லயண்டி’ என்று தேவநாகரியில் ஒட்டியிருந்தது.
நாற்பத்தொன்று. ஆண். வயிற்று வலி, ஐந்து நாள்.
படிவத்தில் ஒரே கட்டத்தில் டிக்:
அமைலேஸ்.

சுழற்றி எடுத்தேன். மேலே தெளிந்து நின்றது
விளக்கெண்ணெய் நிறத்தில் சீரம்.
எந்திரம் ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டு
தொண்ணூற்றாறு என்றது.
நூறு வரைக்கும் இயல்பு.
“கேஸ் ட்ரபிள்தான், மாத்திரை குடுத்து அனுப்பிடறேன்”
போனில் குட்டி டாக்டர், கொட்டாவியோடு.

ஐந்து நாள் என்கிற இடத்தில்
எனக்கு இடறியது.

அமைலேஸ், சாவு வீட்டுக்கு வந்த தூரத்து உறவு.
முதல் நாள் ஒப்பாரியில் அதன் குரல்தான் பெரிசு.
மூன்றாம் நாள் பால் தெளித்ததும்
செருப்பைத் தேடும்.
லைபேஸ் அப்படியில்லை.
பதினாறு கழிந்து பந்தல் பிரிக்கும்வரை
மூலையில் உட்கார்ந்திருக்கும்,
கேட்டால் நடந்ததைச் சொல்லும்.
கேட்க வேண்டும்.

சாவு வீடு என்று சொல்லியிருக்கக் கூடாது.
அந்த ஆள் உயிரோடு இருக்கிறான்,
இரண்டு மாடி கீழே.

லைபேஸ் கிட்டில் மிச்சம் பதினொரு சோதனை.
அடுத்த பெட்டி திங்கள்கிழமை, வந்தால்.
எழுதாத சோதனை போட்டால்
பதிவேட்டில் நார்வேகர் மேடத்தின் சிவப்பு மை.
போட்டேன்.
பத்து.

காத்திருந்தபோது கணையத்தை நினைத்தேன்.
இரைப்பைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு
தின்றதையெல்லாம் செரிக்கச் சாறு அனுப்புவது.
வாசல் அடைத்துக்கொண்டால்
அந்தச் சாறில் தானே வேகும்.
ரத்தத்தில் கொஞ்சம் சிந்தும்.
சிந்தியதை எண்ணத்தான் நான்,
மாதம் இருபத்திரண்டாயிரம், ஒப்பந்தத்தில்.

எழுநூற்று நாற்பத்திரண்டு.
அறுபதைத் தாண்டக் கூடாதது.

எக்ஸ்டென்ஷன் அடித்துக்கொண்டே இருந்தது.
குட்டி டாக்டர், லாரியில் அடிபட்ட யாரோடோ
மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.
கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன்.
லிஃப்ட் வேலை செய்யாத வாரம்.

கீழே நடையில் நாற்பது பேர் கிடந்தார்கள்.
வார்டு பாய் கூவினான் சுத்லயண்டி, சுத்லயண்டி.
ஒருவரும் அசையவில்லை.
“சுடலையாண்டி!”
டகரம் அழுந்த, நான்.

கதவோரம் ஒரு தலை நிமிர்ந்தது.
வடாலா லாரிப் பேட்டைச் சிமெண்டுத் தூசி
முடியெல்லாம்.
முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்திருந்தான்,
மல்லாந்தால் வலி கூடுமாம்.
சீட்டை நான்காக மடித்து வைத்திருந்த மனைவி சொன்னாள்:
“கேஸ் ட்ரபிள்னு சொல்லிட்டாங்கம்மா.
மொத லோக்கலுக்குக் கெளம்புதோம்.”

அவன் கையில் கட்டிங் சாயா,
ஆவி போகாமல்,
உதட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளி.

“அதக் கீழ வைங்க” என்றேன்.