பேன் பார்த்தல்

ஃபரோ தீவுகளில் ஒரு ஃபியோர்டு.
ஏழாம் எண் கூண்டில் அறுபதாயிரம் சால்மன்கள்
ஒரே திசையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன,
மூலவர் இல்லாத பிரகாரத்தில் போல.

ஆறு மீட்டர் ஆழத்தில் கேமரா.
கடந்துபோகும் ஒவ்வொரு மீனின் விலாவிலும்
கடல்பேன் தேடுகிறது.
கண்டால் சிவப்புக் கட்டம் போடும்.
கட்டத்தின் மேல் தன் நம்பிக்கையையும் எழுதும்:
சைபர் புள்ளி ஒன்பது நான்கு.
பழைய வாய்ப்பாட்டில் சொன்னால்
முக்காலே மூணு வீசம்.

மீனுக்கு அரைப் பேன் வரை போகலாம்
என்கிறது அனுமதிப் பத்திரம்.
அரைப் பேனை யாரும் பார்த்ததில்லை.
ஆனால் அதைத் தாண்டினால்
கப்பலை வரவழைக்க வேண்டும்,
மீன்களை உறிஞ்சி வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டும் கப்பல்.
வாடகையைக் கேட்டாலே
முதலாளிக்குத் தலை அரிக்கும்.

முதல் வருஷம் இயந்திரம்
நீர்க்குமிழியைப் பேன் என்றது.
உதிர்ந்த செதிலை, தீவனத் துணுக்கை,
ஒரு மீனின் பிறவி மச்சத்தைப் பேன் என்றது.
ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் சாமர்த்தியம்
சொல்லித்தராமலே வந்திருந்தது அதற்கு.
மர்யுன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள்.
இது பேன். இது இல்லை. இது இல்லை. இது பேன்.
ஜூன், ஜூலை, இரவு வராத நாட்கள்.
பதினோராயிரம் படங்கள்.
ஆகஸ்டில் நல்ல பிள்ளையாகிவிட்டது.

நவம்பரில் எண்ணிக்கை இறங்கியது.
சைபர் புள்ளி நான்கு. இரண்டு. ஒன்று.
தோர்ஸ்ஹவ்ன் அலுவலகத்திலிருந்து கேக் வந்தது,
மேலே சர்க்கரையில் ஒரு மீன்.
எல்லோரும் சாப்பிட்டார்கள். மர்யுனும் சாப்பிட்டாள்,
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே.
மணி நாலு. எதிர்மலை கரைந்துபோயிருந்தது.

ஜூன் மாதத்தில் படித்த பிள்ளை இது,
என்று நினைத்தாள்.
இருட்டை இதற்கு நான் காட்டவேயில்லை.

பௌர்துர் கைவலையால் இருபது மீன் அள்ளினான்.
மயக்க மருந்துத் தொட்டியில் போட்டு
தலைவிளக்கு வெளிச்சத்தில், கையுறையைக் கழற்றிவிட்டு,
கட்டைவிரலால் விலாவை வருடி எண்ணினான்.
அவள் பென்சிலால் எழுதினாள். பேனாவின் மை உறைந்திருந்தது.
ஒன்பதாவது மீனின் வாலடியில் மட்டும் ஆறு,
முட்டைச் சரங்கள் நூலாகத் தொங்க.
இருபது மீன். முப்பத்தொரு பேன்.
மீனுக்கு ஒன்றரைக்கும் மேலே.
"கேக் மிச்சம் இருக்கா?" என்றான் பௌர்துர்.
அவள் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

அலுவலகத்துக்கு அவள் எழுதியது நான்கே வரி.
மூன்றாவது: கேமரா சரியாக இருக்கிறது,
நான் கொடுத்த படங்களில்தான் குளிர்காலம் இல்லை.
கப்பல் வந்தது. அதன் பில் வந்தது.

அந்த வாரமே பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி:
மூன்றாம் வகுப்பில் பேன், பெற்றோர் கவனிக்கவும்.
சமையலறையில் மகனின் வெளிர்முடியைப் பிரித்துப் பிரித்து
வெளிர் ஈரைத் தேடினாள் ஒரு மணி நேரம்.
அம்மா எத்தனை தடவை விளக்கை நகர்த்துகிறாள் என்று
த்ரோன்துர் எண்ணிக்கொண்டிருந்தான்.
பதினான்கு.

டிசம்பர் முழுக்க இருட்டுப் படங்கள்.
பேன். இல்லை. பேன்.
சிலவற்றை எத்தனை பெரிதாக்கியும்
அவளுக்கே பிடிபடவில்லை.
அவற்றுக்காக மூன்றாவது பொத்தான் ஒன்று சேர்த்தாள்:
தெரியவில்லை.
அறிக்கையில் அதை எங்கே காட்டுவது
என்று கேட்டது அலுவலகம்.
முதல் பக்கத்தில், என்றாள்.

ஜனவரி, பிற்பகல்.
திரையில் ஒரு மீன் சாம்பலுக்குள்ளிருந்து வருகிறது.
விலாவில் புள்ளி.
கட்டம் தோன்றுகிறது, மறைகிறது,
மறுபடி தோன்றுகிறது, இப்போது மஞ்சளாக.
பௌர்துர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக்
கைவலையைத் தேடுகிறான்.