நான்காவது வினாடி

பேர்னுவில் கடல் உறைந்து கிடந்த பிப்ரவரியில்
லிஃப்ட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டும் வரிசையில்
ஏழாவது மேசைக்கு என்னை அனுப்பினார்கள்,
கையில் டேப்லெட்டோடு.

எங்களிடம் இன்னொரு ஆலை இருக்கிறது, திரைக்குள்.
அங்கே தூசி இல்லை, ஷிப்ட் மாறும் சைரன் இல்லை.
ஏழாவது மேசையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம்.
முகம் வைக்கவில்லை;
முகத்துக்குத் தனி உரிமம், தனி விலை.
ஊர்வே கழிப்பறைக்குப் போனால் அது மஞ்சளாகும்.
வரத் தாமதித்தால் சிவப்பு.

நவம்பரில் வந்த புதிய பதிப்பு
அவள் வேலையைப் பதினோரு அசைவுகளாக வெட்டியது.
எந்தத் தட்டில் கைவிடுவது என்று பச்சை விளக்கு சொல்லும்.
எத்தனை முறுக்கு என்று திருப்புளியே எண்ணிக்கொள்ளும்.
இனி நினைவில் வைக்க ஒன்றுமில்லை என்றார்கள்,
நல்ல சேதி சொல்வதுபோல.

ஜனவரியில் பெட்டிகள் திரும்பி வந்தன.
ரீகாவில் ஒரு மருத்துவமனையில்
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே
நின்றுபோனது ஒரு லிஃப்ட்.
எங்கள் எண்களில் பிசகில்லை.
பதினோரு அசைவும் பச்சை.

"முன்பு எப்படிச் செய்தீர்கள்?"
"இப்படித்தான்."
"வேறு ஏதாவது?"
வெகுநேரம் தன் கையைப் பார்த்தாள்,
யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன பொருளைப்போல.
பிறகு கம்பிக்கட்டைச் செருகி
கட்டைவிரலால் ஓர் அழுத்து,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து.
டிக் என்றுகூடச் சொல்ல முடியாத சத்தம்.
பதினெட்டு வருஷச் சத்தம்,
எந்த ஆவணத்திலும் இல்லை.
"நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை" என்றாள்,
"நேரம்தான் இல்லாமல் போனது."

கேமரா வைத்து அளந்தேன். மூன்று வினாடி.
மறுபடி அளந்தேன். மூன்று.
"நான்கு என்று போடு" என்றாள் ஊர்வே.
ரகசியக் குரல் இல்லை,
சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்கும் குரல்.

பக்கத்து ஜன்னலில் விரிகுடா.
பனிக்கட்டிமேல் ஆளுக்கொரு பெட்டி போட்டு உட்கார்ந்து
ஆளுக்கொரு ஓட்டைக்குள் தூண்டில் விட்டிருந்தார்கள்.
ஒருவரும் அசையவில்லை.
அவர்களை யாரும் மஞ்சளாக்கவுமில்லை.

நான் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கும் ஆள்.
ஷிப்டுக்கு ஐந்நூற்றிருபது பெட்டி,
அப்படியானால் எட்டு நிமிஷம் நாற்பது வினாடி.
இரவில் அதே மேசைக்கு வரும் ஸினாயிதாவுக்கும் அவ்வளவே.
வருஷத்துக்கு எத்தனை யூரோ என்று
மனக்கணக்காகவே சொல்லிவிடுவேன்.
யாரும் கேட்கவில்லை.

நான்கு என்று அடித்தேன்.

இரவில் அந்த ஜன்னலில் கடல் தெரியாது.
ஸினாயிதாவின் முகம்தான் தெரியும்.
அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டியதுதானே.

இப்போது திரையில் சாம்பல் உருவம்
கட்டைவிரலை அழுத்துகிறது,
அப்புறம் ஒரு வினாடி சும்மா நிற்கிறது.
ஏன் நிற்கிறது என்று
தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்.
செயல்முறையின் பகுதி என்று எழுதியிருக்கிறேன்.