தோராயமாக அறுபது

பதினேழு வருடம்
குட்டாய்சி பெரிய ஆஸ்பத்திரியில்
மயக்க மருந்துப் பிரிவின் நர்ஸ் நான்.
சக்கர நாற்காலியில் யார் வந்தாலும்
'எடை' என்ற கட்டத்தில்
ஒரே எண்ணைத்தான் எழுதினேன்:
தோராயமாக அறுபது.

ஆள் ஒல்லி என்றால் ஐம்பது.
தூக்கிவரும் கணவனுக்கு
மூச்சு வாங்கினால் எழுபது.

எங்கள் தராசில் ஏறி நிற்க வேண்டும்.
நிற்க முடியாதவர்களைக்
கண்ணால் எடை போட்டோம்.
ஊரும் அவர்களை
அப்படித்தான் எடை போட்டது.

மாக்வாலா வந்தது மார்ச் மாதம்,
ரியோனி ஆறு கலங்கி ஓடிய வாரம்.
நோயாளி என்று நினைத்து
ஐந்தாம் எண் கட்டிலைக் காட்டினேன்.
"ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறேன்" என்றாள்.
கட்டிலைக் காட்டியது வீண்போக வேண்டாம் என்று
தன் பையை அதில் வைத்தாள்.

அவள் தாளில் ஒரே ஒரு கேள்வி:
உங்கள் எடை எவ்வளவு?
இதற்குப் போய் மானியமா என்று
பேராசிரியர்கள் சிரித்தார்களாம்.

ஒரு குளிர்காலம் முழுக்கக் கேட்டாள்.
படிக்கட்டுகளின் அடியிலிருந்து
மூன்றாம் மாடிக்குக் குரல் கொடுத்து,
காசு போட்டால்தான் நகரும் லிஃப்ட்டுகளில்
கோட்டுப்பை நிறைய டெட்ரி சில்லறையோடு.
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
தன் எடை தெரிந்தவர்கள் ஒன்பது.

அந்த ஒன்பதில் ஒருவர்
சந்தையில், வால்நட் வியாபாரியின் தராசில்
மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தவர்.
அடியில் போட்ட சாக்கின் எடையைக்
கழித்துச் சொன்னாராம் வியாபாரி.
நேர்மையான மனிதர்.

எண்ணிக்கையில் சேராத ஒருத்தி
பதினான்கு வயதில் பார்த்த எண்ணையே
ஐம்பத்திரண்டிலும் சொன்னாள்.
"அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லையே."

பிறகு ஒரு கூட்டம்.
என் பழைய தாள்களை
மேஜைமேல் பரப்பினாள் மாக்வாலா.
அறுபது. அறுபது. அறுபது.
கையெழுத்து யாருடையது என்று சொல்லவில்லை.
நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஓர் அறுபது
உண்மையில் நாற்பத்தொன்று.
ஊசி போட்டபின் இரண்டு நாள்
கண் திறக்காமல் கிடந்தவள்.
அவள் பக்கத்தில்தான் இருந்தேன்,
மூச்சை எண்ணிக்கொண்டு.
அவள் விதி என்றோம் அப்போது.
பிழைத்ததும், அதிர்ஷ்டம் என்றோம்.
"இரண்டும் இல்லை" என்றாள் மாக்வாலா.
"பத்தொன்பது கிலோ."

வெளிநாட்டுத் தராசின் விலையைக் கேட்டு
நிர்வாகம் தண்ணீர் குடித்தது.
லாரிப் பட்டறையில் சௌரி என்ற வெல்டர்
இரும்புத் தகட்டைத் தரையோடு தரையாய்ப் பரப்பி
இரு பக்கமும் சரிவு வைத்தார்.
முதலாவது, மழை பெய்தால்
மூன்று கிலோ கூட்டிக் காட்டியது.
இரண்டாவதில் சக்கரம் சிக்கிக்கொண்டது.
சௌரி கெட்ட வார்த்தை பேசினார்.
மாக்வாலா அதைவிடக் கெட்டதாய்ப் பேசினாள்.

மூன்றாவதில் அவளே முதலில் ஏறினாள்.
காலி நாற்காலியை முன்பே நிறுத்துப் பார்த்திருந்தோம்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன.
நான் பேனாவைத் திறந்தேன்.
"இரு" என்றாள்.
தெரியாத முந்நூற்று மூன்று பேரில்
அவளும் ஒருத்தி என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
"கொஞ்ச நேரம்
நான் மட்டும் வைத்துக்கொள்கிறேன்."

மறுநாள் வரிசை, வாசல் தாண்டி.
முதல் ஆள் ஒட்டாரி, பழைய பஸ் டிரைவர்.
முப்பது வருடமாய் நாற்காலியில்.
சரிவின் ஓரத்தில் நிறுத்தி,
எல்லோரும் கேட்பதையே
அவரும் கேட்டார்:
"ஷூவைக் கழற்றணுமா?"

கழற்றுங்கள் என்றேன்.
குனிந்து, மெதுவாக,
அவரே கழற்றினார்.